அந்தக் கடை மூடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில், சிறு கடைக்காரர்கள் இணையத் தேடலில் இடம்பிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல நோக்கத்தோடு எழுதிய கட்டுரைதான். ஆனால் அதில் ஓர் இடத்தில், தேடும்போது முதலில் வந்து நிற்கிற கடையே மக்கள் அதிகம் நம்புகிற கடை என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததில் இருந்து மனசு கேட்கவில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால், பத்தமடையில் எனக்குத் தெரிந்த ஒரு பாய்க்கடை செத்துப்போன கடை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஏழு மாதம் அது ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்றுதான் செல்போனில் காட்டியது. அந்த ஏழு மாதத்தில் நான் அங்கே குறைந்தது பத்துத் தடவையாவது போய் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கும். வெட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2001-லிருந்து 2011 வரை பாளையங்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மணிக்கு 30 ரூபாய், அப்புறம் 20, கடைசியில் 10. பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு மட்டும் வரிசை மாடிப்படி இறங்கித் தெருவரை நிற்கும். மற்ற நாட்களில் ஈ ஓட்டும் நேரத்தில் நானாகவே இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டேன். நாலு பக்கம், ஆறு போட்டோ, 1,500 ரூபாய். திருநெல்வேலியில் அப்போது அது புதிய தொழில். வாத்தியார் வேலைக்குப் படித்தவன் இதைச் செய்கிறானே என்று வீட்டில் வருத்தம்தான்.

2003-இல் ஒருநாள் மத்தியானம் பத்தமடையிலிருந்து ஒரு பெரியவர் மாடி ஏறி வந்தார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய பாய். விரித்துக் காட்டினார். தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையை ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்த நயம் பாய். கைக்குட்டை மாதிரி மடிக்கலாம். ஓரத்தில் மாப்பிள்ளை பெண் பெயர் நெய்திருந்தது, கல்யாண ஆர்டர். அவருக்குப் பிரச்சினை என்னவென்றால், அவரிடம் பாய் வாங்குகிற சென்னை வியாபாரி ஒருவர் இணையத்தில் கடை போட்டு, இவர் கொடுத்த போட்டோவையே வைத்து நாலு மடங்கு விலைக்கு விற்கிறார். யாரோ வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரப் பையன் பார்த்துவிட்டுப் போனில் சொல்லியிருக்கிறான்.

“தம்பி, நான் நெய்யுற பாயை நானே விக்க முடியாதா?” என்று கேட்டார்.

ஏன் முடியாது என்று செய்து கொடுத்தேன். ரூபாயிலும் டாலரிலும் விலை, தறியின் படம், அவர் வீட்டம்மா கோரை கிழிக்கிற படம், போன் நம்பர். காசோடு ஒரு பாயும் கொடுத்தார். அது இன்னமும் என் வீட்டில் இருக்கிறது. தளம் ஏறியது. தேடுபொறியில் ஊர் பெயரையும் பாயையும் போட்டுத் தேடினோம். சென்னைக்காரர் முதலில் வந்தார். அடுத்தடுத்து யார் யாரோ வந்தார்கள். நெய்கிறவர் எட்டாம் பக்கத்தில்கூட இல்லை.

இது ஏன் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. உங்கள் வாசகர்களுக்கு மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வைத்த கணக்கு இதுதான்: ஒரு பக்கத்துக்கு வேறொரு பக்கம் லிங்க் கொடுத்தால் அது ஓர் ஓட்டு. ஆனால் எல்லா ஓட்டும் சமம் கிடையாது. யாருக்கு நிறைய ஓட்டு விழுந்திருக்கிறதோ, அவர் போடுகிற ஓட்டுக்குக் கனம் அதிகம். ஊர்ப் பெரிய மனுஷன் கை காட்டிய ஆளுக்கு மரியாதை கூடுவது போல. இதற்கு பேஜ்ரேங்க் என்று பெயர். பிரவுசரில் ஒரு பட்டை போட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை பச்சைக் கோடு காட்டும். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்ட வெப்மாஸ்டர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள். நானும் ஒருவன்.

அப்படியானால் புதுக் கடைக்கு முதல் ஓட்டைப் போடுவது யார்? அங்கேதான் டைரக்டரி வருகிறது. அதாவது மனிதர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு தளமாகப் பார்த்து, பிரிவு பிரிவாக அடுக்கி வைத்த பட்டியல். யாஹூவே 1994-இல் அப்படித்தான் தொடங்கியது. பிறகு வியாபாரத் தளங்களைப் பரிசீலிப்பதற்கே பணம் வாங்க ஆரம்பித்து, அது வருஷத்துக்கு 299 டாலர் ஆயிற்று. பத்தமடைக்காரருக்கு அது எத்தனை பாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

இலவசமாக இருந்தது இன்னொன்று. 1998 ஜூனில் ரிச் ஸ்க்ரெண்டா, பாப் ட்ரூயல் என்ற இருவர் தொடங்கியது. (இந்த ஸ்க்ரெண்டா 1982-இல் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு ஒரு வைரஸ் எழுதிவிட்ட ஆள். சுட்டிப் பிள்ளைகள் பின்னால் என்னவெல்லாம் செய்கிறார்கள் பாருங்கள்.) முதலில் க்னுஹூ என்று பெயர், பிறகு நியூஹூ, அதே வருஷம் பிரவுசர் செய்துவந்த நெட்ஸ்கேப் கம்பெனி வாங்கி ஓப்பன் டைரக்டரி என்று ஆக்கியது. டீமாஸ் என்று சொன்னால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். தொகுப்பதற்குச் சம்பளம் கிடையாது. தொகுத்தவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். மூடப்படும் சமயத்தில் சுமார் 38 லட்சம் தளங்கள், 10 லட்சத்துக்கு மேல் பிரிவுகள். வந்துபோன தொகுப்பாளர்கள் எல்லாரையும் சேர்த்தால் 90,000-க்கு மேல். பிரிவுக்குச் சராசரியாக நாலு தளம்கூட இல்லை என்று கணக்கு வருகிறது. பொடிப்பொடியாக வகுத்திருந்தார்கள்.

இதன் பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். தயாள குணம்தான். ஆனால் அதனால் என்ன ஆயிற்று என்றால், ஒரு தொகுப்பாளர் ஒரு தளத்தைச் சேர்த்தால், நூற்றுக்கணக்கான நகல் தளங்களிலும் அந்த லிங்க் முளைத்தது. கூகுளே 2000-இல் அந்தப் பட்டியலை எடுத்து, பேஜ்ரேங்க் வரிசையில் அடுக்கி, தன் பெயரில் ஒரு டைரக்டரி நடத்தியது. 2011 வரை இருந்தது. ஆக, எங்கேயோ ஒருவர் சாப்பாட்டுக்கு அப்புறம் கொட்டாவி விட்டுக்கொண்டே ‘சேர்’ என்று அழுத்தினால், ஒரு கடைக்கு ஓர் ஓட்டு இல்லை, ஒரு வார்டே விழுந்த மாதிரி. அழுத்தாவிட்டால் ஒன்றும் இல்லை.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போனால் என்ன, மடை திறக்கிற ஆள் திறந்தால்தான் வயலுக்கு. கடைமடைக்காரன் ராத்திரி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்துபோய் அந்த ஆளைப் பிடித்துச் சண்டையாவது போடலாம். இங்கே மடை திறக்கிறவர் யார், எந்த ஊர், எந்தக் கண்டம், ஒன்றும் தெரியாது. ஒரு புனைபெயர் இருக்கும். அவ்வளவுதான்.

டீமாஸைப் பார்த்து அதே மாதிரி பெரியதும் சிறியதுமாகப் பல டைரக்டரிகள் அப்போது இருந்தன. நாங்கள் விண்ணப்பித்த ஒன்றைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன். அதன் பெயரை எழுதவில்லை. ஏன் என்று கீழே படித்தால் தெரியும்.

பாய்க்கடையை எந்தப் பிரிவில் போடுவது என்பதே முதல் பாடு. கைவினைப் பொருளா, வீட்டுச் சாமானா, தரைவிரிப்பா, படுக்கையா? நமக்குப் பாய் என்றால் பாய். படுப்போம், விருந்தாளி வந்தால் விரிப்போம், கல்யாணத்துக்குச் சீராகக் கொடுப்போம். அந்தப் பட்டியலில் பாய்க்கு என்று இடமே இல்லை. தரைவிரிப்பில் விண்ணப்பித்தோம். பதில் இல்லை. நாலு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பித்தோம். அப்புறம்தான் ஒரு மூலையில் எழுதியிருந்ததைப் படித்தேன்: மறுபடி விண்ணப்பித்தால் பழைய தேதி போய்விடும், வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள். ரேஷன் கடையில்கூட அப்படிக் கிடையாது.

பெரியவர் மாதம் ஒருமுறை வருவார். “என்ன தம்பி, நம்ம பேரு ஏறிட்டா?” என்பார். இல்லை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால்கூட ஒரு ரசீது தருவார்கள், அதில் ஒரு நம்பர் இருக்கும் என்று அவர் ஒருதரம் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து ஏறியது. சந்தோஷப்பட்டு அவருக்குப் போன் போட்டேன். பிறகு நன்றாகப் பார்த்தால், யோகா விரிப்புகள் என்ற பிரிவில் போட்டிருந்தார்கள். ஊர் பெயரும் வேறு. பத்தமடையை ஆங்கிலத்தில் எழுதும்போது டி இரண்டு போடுவோரும் உண்டு, டி-ஹெச் போடுவோரும் உண்டு. சென்னைக்காரர் ஒரு மாதிரி எழுதியிருந்தார், நாங்கள் ஒரு மாதிரி. தமிழ் தெரியாத யாரோ ஒருவர் இரண்டும் இரண்டு ஊர் என்று முடிவுகட்டி, சென்னைக்காரரை அசல் பத்தமடைப் பாய் என்றும், எங்களை அதேபோல் ஒன்று என்கிற மாதிரியும் விவரம் எழுதியிருந்தார். அந்த விவரம் அந்தப் பட்டியலோடு நிற்கவில்லை. நகல் எடுத்த தளங்களில் எல்லாம் அந்த வரியே வந்தது.

இந்த விவர விஷயம் எங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. ஒருவர் தன் தளத்தைப் பற்றித் தானே என்ன எழுதி வைத்திருந்தாலும், தேடுபொறிகள் சில சமயம் அதை விட்டுவிட்டு டீமாஸ் தொகுப்பாளர் எழுதிய வரியைத் தேடல் முடிவில் காட்டின. தளக்காரர்கள் போட்ட கூச்சலில்தான் 2006-இல் மைக்ரோசாஃப்டும் பிறகு கூகுளும் ‘அந்தப் பட்டியலின் விவரத்தைப் போடாதே’ என்று தளத்தில் குறித்து வைக்க ஒரு வழி செய்து கொடுத்தன. அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் உண்டு. பத்தமடையில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் போய்ச் சொல்வது? அதே 2006 அக்டோபரில் டீமாஸின் சர்வர் கெட்டு, டிசம்பர் வரை தொகுப்பாளர்களால் ஒன்றையும் திருத்த முடியாமல் போனதும் நடந்தது. உலகத்தின் பெரிய பட்டியல் கிட்டத்தட்ட இரண்டு மாதம் உறைந்து நின்றது. அதை நம்பித் தேடுபொறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

சரி, இனி என் கதை.

மேலே சொன்ன அந்த டைரக்டரியில் திருநெல்வேலிக்கு என்று ஒரு சின்னப் பிரிவு இருந்தது. அதற்குத் தொகுப்பாளர் இல்லை. பாய்க்கடை விவகாரத்தில் எரிச்சல்பட்டு, உள்ளே போனால்தான் வேலை ஆகும் என்று நானே விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள். இருபது சொச்சம் தளங்கள் கொண்ட பிரிவுக்கு நான் ராஜா. யோகா விரிப்புப் பிரிவு வேறொருவர் கையில் இருந்ததால் அதில் என்னால் கை வைக்க முடியவில்லை. ஆனால் ஊர்ப் பிரிவில் பத்தமடைக்காரரைச் சரியான பெயரோடு, சரியான விவரத்தோடு சேர்த்தேன். அதுவரை நியாயம்.

அதற்கு அப்புறம் நான் செய்த வேலைகளைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். நான் செய்து கொடுத்த தளங்கள் அத்தனையையும் முதல் வாரத்திலேயே சேர்த்துவிட்டேன். ஒரு லாட்ஜ், ஒரு கம்ப்யூட்டர் சென்டர், ஒரு கல்யாண மண்டபம், என் பிரவுசிங் சென்டர். நம் ஊரில் அதே தொழிலில் இருந்த இன்னொருவர் செய்த தளங்களும் வரிசையில் காத்திருந்தன. அவற்றை நான் நிராகரிக்கவில்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதம் பார்க்கவில்லை. ஒரு தப்பும் செய்யாமல் ஒருவரைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் கிடையாது. கேட்டால், நான் சம்பளம் வாங்காத ஆள், எனக்கு நேரம் கிடைக்கும்போதுதான் பார்ப்பேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

ஊரில் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. ஓர் அல்வாக் கடைக்காரர் வந்தார். ஒரு கிலோப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, “அண்ணாச்சி, நம்ம கடையையும் அந்த லிஸ்ட்ல கொஞ்சம் ஏத்தி விடுங்க” என்றார். நெய் பேப்பரில் ஊறிக் கீபோர்டு வரை வந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒருவருக்கு அல்வா கொடுத்தால் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அன்றைக்கு எனக்கு நிஜ அல்வாவே கிடைத்தது. அவருடைய தளம் ஒழுங்கான தளம்தான். எப்படி இருந்தாலும் சேர்த்திருக்க வேண்டியதுதான். அன்றைக்கே சேர்த்தேன். ஆனால் பக்கத்தில் காத்திருந்த மற்ற ஒன்பது பேர் அல்வா கொண்டுவரவில்லை.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபது தளம் உள்ள ஒரு பிரிவுக்கே இப்படி என்றால், அமெரிக்காவில் கடன் கொடுக்கிற கம்பெனிகள், ஹோட்டல் புக்கிங், மருந்து விற்பனை மாதிரி பணம் கொட்டுகிற பிரிவுகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிக் கிளம்பிய புகார்களில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? டீமாஸிலும் தொகுப்பாளர்கள் தங்களுக்குச் சம்பந்தமுள்ள தளங்களைத் தெரிவிக்க வேண்டும், சொந்தத் தளத்துக்குச் சலுகை காட்டக் கூடாது என்று விதி இருந்தது. முறைகேட்டைப் புகார் செய்ய வழியும் வைத்திருந்தார்கள். விதியை எழுதியவர்கள் நல்லவர்கள். விதியைக் காக்க வேண்டியவர்களும் என்னைப் போலச் சும்மா வேலை செய்தவர்கள்.

தன்னார்வலர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த டைரக்டரியில் ஓர் அம்மாள் இருந்தார், கனடா என்று நினைக்கிறேன். கோயில் கட்டடக்கலைப் பிரிவை ராப்பகலாக உட்கார்ந்து சுத்தம் செய்தார். செத்த லிங்க் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து எடுப்பார். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பற்றி எனக்கு மெயில் எழுதிச் சந்தேகம் கேட்பார். அவருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. அந்த மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் அந்தக் காலத்து இணையத்தில் குப்பைதான் மிஞ்சியிருக்கும். என் குறை அவர்கள் மேல் இல்லை. அவர்களுடைய ஓய்வு நேர வேலையை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, அதை வைத்தார்களா, எவ்வளவு வைத்தார்கள் என்று வெளியே சொல்லாமல் இருந்த தேடுபொறிகள் மேல்தான். அந்த அம்மாளுக்கே தன் ‘சேர்’ பட்டனுக்கு அவ்வளவு கனம் இருக்கிறது என்று தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது, அதுதான் வினை.

அப்புறம் நடந்தது இன்னொரு கூத்து. டைரக்டரி லிங்க்குக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், லிங்க்குக்காகவே ஆயிரக்கணக்கில் டைரக்டரிகள் முளைத்தன. யாரும் படிப்பதற்காக அல்ல. ‘300 டைரக்டரியில் உங்கள் தளத்தைச் சேர்த்துத் தருகிறோம்’ என்று மெயில் வரும். பத்தமடைப் பெரியவரின் மருமகன் துபாயில் இருந்துகொண்டு, மாமாவுக்கு உதவி செய்கிறேன் என்று அப்படி ஒருவருக்குப் பணம் கட்டிவிட்டான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படிச் செயற்கையாக லிங்க் சேர்த்தவர்களைக் கீழே தள்ளியது. பாய்க்கடை காணாமல் போயிற்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்களைச் சேருங்கள் சேருங்கள் என்று கெஞ்சினோம். இப்போது எங்களை எடுத்துவிடுங்கள் எடுத்துவிடுங்கள் என்று முன்னூறு பேருக்கு மெயில் எழுதினோம். சிலர் எடுப்பதற்கும் காசு கேட்டார்கள். அந்த அக்டோபரில்தான், இந்த இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடமே பட்டியல் கொடுக்கிற வசதி வந்தது. நான் சென்டரை மூடிவிட்டாலும், பெரியவருக்காக வீட்டில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயார் செய்தேன்.

யாஹூ டைரக்டரி 2014 கடைசியில் மூடியது. பச்சைக் கோடு 2016-இல் போயிற்று. டீமாஸ் 2017 மார்ச் மாதம் மூடப்பட்டது; அதன் ஆட்கள் சிலர் கர்லி என்ற பெயரில் இன்னமும் நடத்துகிறார்கள். பெரியவர் அதற்கு முந்திய வருஷமே காலமாகிவிட்டார். கடை இப்போது மகன் கையில்.

பழங்கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். உங்கள் கட்டுரையாளரும் அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது. இலவசம்தானே, மேப்பில் ஏறிக்கொள்ளுங்கள் என்கிறார்.

ஏறித்தான் இருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை வாசகர்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றதை நானே பார்த்தேன். பத்தமடைக் கடையில் இருப்பு வைத்திருந்த கோரை நனைந்துவிட்டது. பதினைந்து நாள் கடை பூட்டிக் கிடந்தது. அந்தப் பதினைந்து நாளுக்குள் யாரோ ஒரு புண்ணியவான், ஒரு மேப் செயலியில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று குறித்துவிட்டார். கெட்ட எண்ணமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் உதவுகிறோம் என்று நினைத்துச் சாலைகளையும் கடைகளையும் புதுப்பித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு தன்னார்வலராக இருக்கலாம். பெயர் கிடையாது. இந்தத் தடவை புனைபெயர்கூடக் கிடையாது.

மகன் தன் கடை திறந்திருக்கிறது என்று திருத்தம் அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. கடை வாசலில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். அதுவும் பரிசீலனை. நான் என் போனிலிருந்து அனுப்பினேன், என் மனைவி போனிலிருந்தும் அனுப்பினோம். பிப்ரவரி, மார்ச் போயிற்று. வைகாசி முகூர்த்தங்களும் போயின. கல்யாணப் பாய் ஆர்டர் மூன்று மாதத்துக்கு முன்பே வர வேண்டும், பெயர் நெய்ய வேண்டுமே. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் கார் எடுத்து வந்து, சேரன்மகாதேவியில் நிறுத்திப் போனைப் பார்த்துவிட்டு, கடை மூடிவிட்டதாம் என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து கடைக்குச் சில கிலோமீட்டர்தான். பிறகு வேறு யார் மூலமோ அவர்களே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்படித் திரும்பிப் போய்ச் சொல்லாதவர்கள் எத்தனை பேரோ.

ஜூலையில் ஒருநாள் தானாகவே சரியாகிவிட்டது. யார் சரி செய்தார்கள் என்று தெரியாது. நாங்கள் அனுப்பிய எந்தத் திருத்தத்தால் என்றும் தெரியாது. ஒரே நல்ல மாற்றம், ஊர் பெயர் இப்போது தமிழில் பத்தமடை என்றே வருகிறது.

எனக்கு அரசாங்கத்தையோ பெரிய கம்பெனிகளையோ திருத்துகிற வயசும் இல்லை, வலுவும் இல்லை. உங்களிடம் இரண்டே விஷயம் கேட்கிறேன். ஒன்று, அந்தக் கட்டுரையில் முதலில் வருவதே நம்பகமான கடை என்று வந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டாவது, நெல்லைப் பதிப்பில் நீங்கள் பேருந்து நேரம் போடுகிற பக்கத்தில், மாதம் ஒருமுறை, மேப்பில் தவறாக மூடிக் கிடக்கும் கடைகளின் பெயரைக் கடைக்காரர்களே எழுதி அனுப்பினால் விசாரித்து வெளியிடுங்கள். காருகுறிச்சி மண்பாண்டக்காரர், வீரவநல்லூர் நெசவுக்காரர் என்று கேட்டால் நாலு பேராவது வருவார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் நிருபர் நேரில் போய்ப் பார்க்கலாம், பஸ் இருக்கிறது. தப்பாகப் போட்டால் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போடவும் ஒரு வாசல் இருக்கிறது, அது போதும். அந்த விசாரிப்பு வேலையை நான் செய்து தருகிறேன் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் என் பழைய அல்வாக் கதையைப் படித்த பிறகு நீங்கள் வேறு ஆளைப் பார்ப்பதுதான் முறை.

என் பெயரை அச்சிட வேண்டாம். கடையின் பெயரையும் எழுதவில்லை, விளம்பரம் ஆகிவிடும். பத்தமடையில் இறங்கிப் பாய்க்கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் பூட்டியிருக்கும், தொழுகைக்கு.

இப்படிக்கு,
பழைய பிரவுசிங் சென்டர்காரன்,
பாளையங்கோட்டை.